கஹ்ஹால்களின் ஊசி முதல் லேசர்க் கதிர் வரை

சென்னை சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடந்து செல்லும் மறைமலை அடிகள் பாலம் 1966-ஆம் ஆண்டு கட்டப்பெற்றது. அதற்கு முன் அவ்விடத்தில் இருந்தது 'மர்மலாங் பாலம்' என வழங்கிய பழைய பாலம். கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர் 1726-இல் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு அதனைக் கட்டுவித்தார். அதன் நினைவாக நிறுவப்பெற்ற கல்லில் பாரசீகம், ஆர்மீனியம், இலத்தீன் ஆகிய மூன்று மொழிகளில் எழுத்துகள் பொறிக்கப்பட்டன. கட்டியவர் கிறித்தவர், ஆண்டவர் நவாபுகள், கடந்து சென்றவர்கள் எல்லாச் சமயத்தவரும் ஆவர். பாலம் யாருடையது என்று எவரும் வழக்காடியதில்லை.

அறிவுக்கும் இத்தகைய பாலங்கள் உண்டு. கண்ணைப் பற்றிய அறிவு கிரேக்கத்திலிருந்து சுர்யானிக்கும், சுர்யானியிலிருந்து அரபிக்கும், அரபியிலிருந்து இலத்தீனுக்கும், அங்கிருந்து இன்றைய ஐரோப்பிய மொழிகளுக்கும் கடந்து வந்திருக்கிறது. கிட்டப்பார்வையுள்ளவர்கள் சில நிமிடங்களில் மூக்குக் கண்ணாடியைத் துறந்துவிட உதவும் லேசர்ச் சிகிச்சை அந்நெடும் பயணத்தின் அண்மைக் கட்டமாகும்.

இச்சிகிச்சை குறித்து நம் மாணவரிடையே இரு கருத்துகள் உலவுகின்றன. "இவையெல்லாம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் கண்டவை" என்பது ஒன்று. "இதில் நமக்கு என்ன பங்கு? எல்லாம் மேலை நாட்டார் தந்தவை" என்பது மற்றொன்று. முன்னது வீண் பெருமை. பின்னது வீண் தாழ்வு. வரலாறு இவ்விரண்டையும் ஏற்பதில்லை. அதனைச் சற்று விரிவாக நோக்குவோம்.

பார்வை பற்றிய பழைய வழக்கு

நாம் ஒரு பொருளைக் காண்பது எவ்வாறு? கண்ணிலிருந்து ஒரு கதிர் புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுகிறது என்பது யூக்ளிட், தாலமி ஆகிய கிரேக்கக் கணித அறிஞர்களின் கொள்கை. பொருளிலிருந்து ஏதோ ஒன்று கண்ணை வந்தடைகிறது என்பது அரிஸ்டாட்டில் வழி வந்த தத்துவ அறிஞர்களின் கொள்கை. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்கின்தீ முதற்கொள்கையின் பக்கம் நின்றார்.

இவ்வழக்கைத் தீர்த்து வைத்தவர் அபூ அலீ அல்ஹஸன் இப்னுல் ஹைதம் (ரஹ்). ஏறத்தாழ கி.பி. 965-இல் பஸராவில் பிறந்து, 1040-ஐ ஒட்டிக் காஹிராவில் மறைந்தவர். 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஏழு பகுதிகள் கொண்ட பெருநூலில் அவர் இதனை ஆராய்ந்தார். ஒளிரும் பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எல்லாத் திசைகளிலும் ஒளி நேர்கோட்டில் பரவுகிறது. அது கண்ணுக்குள் புகுவதாலேயே பார்வை நிகழ்கிறது என்பது அவர் முடிவு. கதிரவனை உற்று நோக்கினால் கண் வலிக்கிறது; பேரொளியை நோக்கிய பின் கண்ணை மூடினாலும் அதன் சாயல் நிற்கிறது. வெளியிலிருந்து வரும் ஒளி கண்ணின் மீது செயற்படுகிறது என்பதற்கு இவ்வெளிய அனுபவங்களையே அவர் சான்றாக்கினார். இருட்டறையில் சிறு துளை வழியே ஒளியைச் செலுத்தி, அதன் போக்கைச் சோதித்தும் காட்டினார்.

ஒளி ஒரு பொருளிலிருந்து அடர்த்தி வேறுபட்ட மற்றொன்றுக்குள் சாய்வாகப் புகும்போது திசை மாறுகிறது. பள்ளிவாசல் ஹவுளில் அடியில் கிடக்கும் நாணயம் மேலே எழும்பி நிற்பதுபோலத் தோன்றுவதை உளூச் செய்வோர் யாவரும் கண்டிருப்பர். இதற்கே ஒளிவிலகல் என்று பெயர். கி.பி. 984-ஐ ஒட்டிப் பக்தாதில் எழுதிய இப்னு ஸஹ்ல், இவ்விலகலின் அளவு குறித்த விதியை வடிவ கணிதத்தில் கண்டிருந்தார் என்பதை ருஷ்தீ ராஷித் என்னும் ஆய்வாளர் 1990-இல் வெளிப்படுத்தினார். இப்னுல் ஹைதம் தம் நூலின் ஏழாம் பகுதி முழுவதையும் விலகலுக்கே ஒதுக்கினார். லேசர்ச் சிகிச்சையின் அடிப்படையும் இந்த விலகலே என்பதை வாசகர் மனத்திற் கொள்ளவேண்டும்.

ஆயினும் இப்னுல் ஹைதம் காணாதவற்றையும் சொல்லியாக வேண்டும். கண்ணின் பின்புறத்திலுள்ள விழித்திரையில் உருவம் தலைகீழாக விழுகிறது என்பதை அவர் காணவில்லை. 'ஜலீதிய்யா' என்று அரபு மருத்துவர்கள் பெயரிட்ட விழிவில்லையே பார்வையை உணரும் உறுப்பு என்றே அவரும் கருதினார். மூக்குக் கண்ணாடியை அவர் கண்டுபிடித்தார் என்று சில மேடைகளில் கூறப்படுவதற்கும் ஆதாரமில்லை. தாலமியின் கூற்றுகளை மறுத்து எழுதிய 'அஷ்ஷுகூக்' என்னும் நூலில், உண்மையை நாடுபவன் முன்னோரின் எழுத்தை அப்படியே நம்பிவிடலாகாது, தன் கருத்தையும் ஐயத்தோடு சோதிக்க வேண்டும் என்னும் பொருளில் அவர் எழுதினார். அத்தகையவரை அவர் செய்யாதவற்றுக்காகப் போற்றுவது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது.

கஹ்ஹால்கள்

ஒளியை ஆராய்ந்தவர்கள் ஒருபுறமிருக்க, நோயுற்ற கண்ணைத் தொட்டுச் சிகிச்சை செய்தவர்கள் மறுபுறம் இருந்தனர். அவர்கள் 'கஹ்ஹால்' எனப்பட்டனர். 'குஹ்ல்', அதாவது கண்ணுக்கிடும் சுர்மா என்னும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது.

இத்துறையில் முறைப்பட அமைந்த தொடக்க நூல்களில் ஒன்று, கி.பி. 873-இல் மறைந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கண்ணைப் பற்றி எழுதிய பத்து மகாலாக்களின் தொகுப்பாகும். ஹுனைன் முஸ்லிமல்லர், நஸ்தூரியக் கிறித்தவர். கலீபாக்களின் ஆதரவில் கிரேக்க மருத்துவ நூல்களைச் சுர்யானிக்கும் அரபிக்கும் பெயர்த்தவர். பதினொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்தாதில் வாழ்ந்த அலீ இப்னு ஈஸா எழுதிய 'தத்கிரத்துல் கஹ்ஹாலீன்' கண்நோய்கள் நூற்று முப்பதை வகைப்படுத்தியது. பல நூற்றாண்டுகள் கண் மருத்துவர்களின் பாடநூலாக அது விளங்கிற்று.

அவர் காலத்தவரான அம்மார் இப்னு அலீ, மவ்ஸில் நகரில் பிறந்து மிஸ்ரில் பணியாற்றினார். விழிவில்லை மங்கிப்போகும் கண்புரைக்கு அக்காலத்தில் எங்கும் செய்யப்பட்ட சிகிச்சை, ஊசியால் புரையைக் குத்திக் கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளிவிடுவதாகும். நம் நாட்டில் சுச்ருதர் பெயரால் வழங்கும் நூலிலும் இம்முறை உண்டு. அம்மார் உட்டுளை கொண்ட உலோக ஊசியைச் செய்து, மென்மையான புரையை அதன் வழியே உறிஞ்சி எடுக்கும் முறையை விவரித்தார். தள்ளுவதற்குப் பதிலாக வெளியே எடுப்பது என்னும் எண்ணம் அதில் இருந்தது. ஆயினும் அம்முறை எங்கும் பரவி நிலைபெறவில்லை.

அரபிக் கல்லூரி மாணவருக்கு இதில் சுவையான செய்தி ஒன்றுண்டு. கண்ணின் முன்புறத்தில் கண்ணாடி போல் தெளிந்து நிற்கும் உறைக்கு அரபியில் 'கர்னிய்யா' என்று பெயர்; 'கர்ன்' என்றால் கொம்பு. கொம்பை மெல்லியதாகச் சீவினால் ஒளி ஊடுருவுமன்றோ? கிரேக்கர் வைத்த பெயரின் பொருளை அரபியர் தம் மொழியில் காத்தனர். இலத்தீனில் அதே பொருளில் 'கார்னியா' ஆயிற்று. தமிழில் இதனைக் கருவிழிப்படலம் என்பர். லேசர்க் கதிர் செதுக்குவது இவ்வுறையைத்தான்.

கிழக்கிலிருந்து மேற்கிற்கு

'மனாழிர்' நூல் 1200-ஐ ஒட்டி இலத்தீனில் பெயர்க்கப்பட்டது. 1572-இல் பாஸல் நகரில் அச்சேறியது. இதற்கிடையே பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் மூக்குக் கண்ணாடி தோன்றியிருந்தது. கண்ணாடி அணிந்தால் ஏன் தெளிவாகத் தெரிகிறது என்பதை அதனைச் செய்தவர்கள் அறிந்திருக்கவில்லை. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கழித்து, 1604-இல், ஜெர்மானிய அறிஞர் யோகான்னஸ் கெப்ளர் விடை கூறினார். கண்ணுக்குள் புகும் ஒளி விலகி ஒருங்குகூடி விழித்திரையில் தலைகீழ் உருவத்தை அமைக்கிறது. கிட்டப்பார்வையில் அக்கதிர்கள் விழித்திரையை எட்டுமுன்னரே கூடிவிடுகின்றன. கண்ணாடி அக்கூடுமிடத்தைச் சரியான தொலைவிற்கு நகர்த்துகிறது என்றார். இப்னுல் ஹைதம் நிறுத்திய இடத்திலிருந்து அடுத்த அடி இதுவே.

இங்கு ஒரு வினா எழுகிறது. அந்த அடியை நம்மவர் ஏன் எடுத்து வைக்கவில்லை? முயற்சி அடியோடு நின்றுவிடவில்லை. 1319-ஐ ஒட்டி மறைந்த கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ 'மனாழிர்' நூலுக்கு விரிவுரை எழுதியதோடு, நீர் நிறைந்த கண்ணாடிக் கோளத்தைக் கொண்டு வானவில்லின் காரணத்தையும் சோதனையால் விளக்கினார். ஆனால் அவருக்குப் பின் அந்நூல் நம் பாடத்திட்டங்களில் இடம்பெறவில்லை. ஒரு நூலை எழுதிய சமுதாயத்தைவிட, அதனை ஓயாமல் ஓதி, ஐயுற்று, திருத்திய சமுதாயமே அதன் பயனை அடைந்தது.

சென்னையின் பங்கு

கண் மருத்துவ வரலாற்றில் சென்னைக்குத் தனியிடம் உண்டு. இலண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை 1805-இல் தொடங்கியது. அதற்கடுத்துப் பதினான்கே ஆண்டுகளில், 1819-இல், மதராஸ் கண் மருத்துவமனை தோன்றிற்று. இன்று எழும்பூரில் அரசு கண் மருத்துவமனையாக விளங்குவது அதுவே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் தலைவராயிருந்த ராபர்ட் ஹென்றி எலியட், கண்நீர் அழுத்த நோய்க்கு அவர் வகுத்த அறுவை முறையால் உலகப் புகழ் பெற்றார். ஊர் ஊராகச் சென்று ஊசியால் புரை தள்ளியோரிடம் சிகிச்சை பெற்றுக் கண்ணிழந்தோரையும் அவர் ஆராய்ந்து நூல் எழுதினார். அம்மார் மாற்ற முனைந்த முறை, அவருக்கு ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின்னும் நம் தெருக்களில் நடந்துகொண்டிருந்தது என்பது எண்ணத்தக்கது.

இனிக் கிட்டப்பார்வைக்கு வருவோம். கருவிழிப்படலத்தின் வளைவை மாற்றினால் கண்ணாடியின் தேவை நீங்கும் என்னும் எண்ணம் இருபதாம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. ஜப்பானில் சாட்டோ என்பார் படலத்தின் உட்புறத்திலும் கீறல்கள் இட்டார். உட்புறத்து உயிரணுக்கள் பழுதுபட்டதால், ஆண்டுகள் கழித்துப் பலருடைய கருவிழி மங்கிப்போயிற்று. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் ஹோஸே பராக்கர், படலத்தின் ஒரு வட்டை எடுத்து உறையச் செய்து, கடைந்து, மீண்டும் பொருத்தும் முறையை முன்வைத்தார். சோவியத் நாட்டில் ஃபியோதரோவ் 1970-களில் ஆரைக்கீறல் முறையைப் பரப்பினார். எண்ணம் சரியாயிருந்தும், கத்தியின் நுட்பம் போதவில்லை.

அந்நுட்பத்தைத் தந்தவர்களுள் முதன்மையானவர் சென்னைப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர். 1929-இல் பிறந்த ரங்கசாமி சீனிவாசன், இப்பல்கலைக்கழகத்தில் 1949-இல் இளநிலைப் பட்டமும் 1950-இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். அமெரிக்கா சென்று 1956-இல் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் முனைவரானார். 1961-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கு அவர் ஆராய்ந்தது கண்ணையன்று. புற ஊதா ஒளி வேதிப்பொருள்களின் மீது என்ன செய்கிறது என்பதையே. 'எக்ஸைமர்' என்னும் லேசரின் கதிர் பிளாஸ்டிக்கைச் சூடாக்காமல் துல்லியமாகச் செதுக்குவதை அவர் கண்டார். மின்னணுக் கருவிகளின் உற்பத்திக்கு அது பயன்படும் என்பதே அப்போதைய நோக்கம்.

உயிர்த்திசுவையும் இவ்வாறு செதுக்கலாமோ என்ற ஐயம் அவருக்கும் உடன் பணியாற்றிய ஜேம்ஸ் வைன், சாமுவேல் பிளம் ஆகியோருக்கும் எழுந்தது. 1981 நவம்பர் 27, அமெரிக்கர்களின் நன்றி நவிலல் திருநாளுக்கு மறுநாள். விருந்தில் எஞ்சிய வான்கோழியின் துண்டுகளை ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுவந்து கதிரைச் செலுத்தினர். வெட்டு தெளிவாக விழுந்தது. விளிம்பில் கருகல் இல்லை. சாதாரண பச்சை லேசரால் வெட்டிய இடமோ கருகியிருந்தது. பின்னர் கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கலோடு இணைந்து மாட்டுக் கண்களில் சோதித்து, 1983-இல் முடிவை வெளியிட்டனர்.

1988-இல் அமெரிக்காவில் மார்கரெட் மெக்டொனால்ட் என்னும் மருத்துவர், பார்வையுள்ள மனிதக் கண்ணில் இச்சிகிச்சையை முதலில் செய்தார். புற்றுநோயால் கண்ணை அகற்ற வேண்டியிருந்த பெண்மணி ஒருவர், அதற்கு முன் தம் கண்ணைச் சோதனைக்குத் தாமே முன்வந்து அளித்தார். கிரேக்கத்தின் கிரீட் தீவில் பல்லிக்காரிஸ், மேலே ஒரு மெல்லிய மடலைத் திறந்து அடியில் செதுக்கி மீண்டும் மூடும் 'லாசிக்' முறையை உருவாக்கினார். 1995-இல் எக்ஸைமர் லேசரால் கிட்டப்பார்வையைத் திருத்த அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. சீனிவாசன், வைன், பிளம் மூவருக்கும் 2013-இல் வெள்ளை மாளிகையில் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் வழங்கப்பெற்றது.

சீனிவாசன் நம் சமயத்தவரல்லர். ஹுனைனும் நம் சமயத்தவரல்லர். ஹுனைனைப் பொன் கொடுத்துப் போற்றிய நாகரிகத்தின் வழித்தோன்றல்கள் என நம்மைக் கூறிக்கொள்வோமாயின், நம் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பயின்ற இவரது பெயரும் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரியாவது எது, ஆகாதது எது?

கண்ணின் ஒளி குவிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு கருவிழிப்படலத்தினுடையது. அதன் நடுப்பகுதியின் பருமன் அரை மில்லிமீட்டரைச் சற்றே கடந்தது; சுமார் 540 மைக்ரான். எக்ஸைமர் கதிரின் அலைநீளம் 193 நானோமீட்டர். திசுவின் மூலக்கூறுகளைப் பிணைக்கும் கட்டுகளை அது அறுத்துவிடுகிறது. அருகிலுள்ள திசு வெந்துபோவதில்லை. ஒவ்வொரு துடிப்பும் மைக்ரானில் ஏறத்தாழ கால் பங்கை நீக்குகிறது. கிட்டப்பார்வையுடையவருக்கு நடுப்பகுதியைச் செதுக்கி வளைவைத் தட்டையாக்குவர். தூரப்பார்வையுடையவருக்குச் சுற்றுப்புறத்தைச் செதுக்கி நடுவை மேடாக்குவர். ஆறு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு டயாப்டருக்குச் சுமார் 12 மைக்ரான் என்பது கணக்கு. மைனஸ் 5 எண் கண்ணாடி அணிபவருக்குச் சுமார் 60 மைக்ரான் நீங்கும். இது ஒரு தலைமுடியின் பருமனே. மடலின் பருமனும் போக, எஞ்சும் படலம் கண்ணின் உள்ளழுத்தத்தைத் தாங்குமாறு இருக்கவேண்டும். அதனால்தான் படலம் மெலிந்தவருக்கும், கூம்புவிழி நோயுடையவருக்கும் மருத்துவர் மறுத்துவிடுகின்றனர்.

இவ்விளக்கத்தை வைத்துக்கொண்டு நம் வீடுகளில் எழும் கேள்விக்கு வருவோம். சைதாப்பேட்டையில் வாழும் தந்தையொருவர் நம்மிடம் கேட்டார்: "ஹள்ரத், மகள் பள்ளிப் படிப்பிலிருந்தே சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருக்கிறாள். பெண் பார்க்க வருகிறவர்கள் அதைச் சொல்லியே போய்விடுகிறார்கள். லேசர் செய்துவிட்டு, கண்ணாடி இருந்ததைச் சொல்லாமல் நிக்காஹ் பேசலாமா? மார்க்கத்தில் இது கூடுமா?"

இதில் இரண்டு கேள்விகள் உள்ளன. சிகிச்சை கூடுமா என்பது முதலாவது. படைப்பை அழகுக்காக மாற்றுவதையும், குறையை நீக்கும் சிகிச்சையையும் ஃபுகஹாக்கள் பிரித்தே நோக்கியுள்ளனர். குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியால் மூக்கு அமைத்துக்கொண்டார்கள். அது துர்நாற்றம் வீசவே, பொன்னால் அமைத்துக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக அபூதாவூத், திர்மிதீ நூல்களில் பதிவாகியுள்ளது. ஆண்களுக்கு விலக்கப்பட்ட பொன்னே தேவையின் பொருட்டு அனுமதிக்கப்பட்டதெனில், பார்வைக் குறையைத் திருத்துவதில் தடையேதும் நமக்குத் தெரியவில்லை.

சொல்லாமல் மறைக்கலாமா என்பது இரண்டாவது. இதற்கு மார்க்கத்தின் விடைக்கு முன்பே கண்ணின் அமைப்பு விடை கூறிவிடுகிறது. கடுங்கிட்டப்பார்வை பெரும்பாலும் விழிக்கோளம் நீண்டுபோவதால் வருவது. லேசர் மாற்றுவது முன்புறத்து வளைவை மட்டுமே, கோளத்தின் நீளத்தையன்று. நீண்ட கோளத்தில் விழித்திரை பிரியும் ஆபத்து சிகிச்சைக்குப் பின்னும் இருந்தவாறே இருக்கும். ஆண்டுதோறும் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டியவளிடம், 'உனக்குக் கண்ணில் ஒன்றுமே இல்லை என்று சொல்' எனப் பழக்கினால், பின்னாளில் கண்ணுக்குள் மின்னல் போலத் தோன்றும்போதும் அவள் வாய் திறவாள். கிட்டப்பார்வைக்குப் பரம்பரைக் காரணமும் உண்டாகையால் பேரப்பிள்ளைகளின் கண்ணிலும் அது வெளிப்படக்கூடும். ஆகவே மறைப்பது நேர்மையுமன்று. பெண்ணின் கண்ணுக்குப் பாதுகாப்புமன்று.

பதினெட்டு வயது நிறைந்து, கண்ணாடியின் எண் ஓராண்டாவது மாறாமல் நின்ற பின்னரே இச்சிகிச்சையை எண்ண வேண்டும். கருவுற்றிருக்கும்போதும் பாலூட்டும்போதும் தவிர்க்க வேண்டும். சிலருக்குக் கண் வறட்சியும், இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டமும் தோன்றும். நாற்பதைக் கடந்தவர்களுக்கு வரும் வெள்ளெழுத்து விழிவில்லை இறுகுவதால் ஏற்படுவது. தூரப் பார்வைக்காக லேசர் செய்துகொண்டவருக்கும் குர்ஆன் ஓத ஒருநாள் கண்ணாடி வேண்டியிருக்கும். கண்ணாடியே போதுமானவர் இதற்காகக் கடன் வாங்கத் தேவையில்லை. இதனையெல்லாம் கேட்ட அத்தந்தை, "அப்படியானால் கண்ணாடியோடு ஏற்பவரையே பார்ப்போம், பிறகு அவள் விரும்பினால் செய்துகொள்ளட்டும்" என்றார். அதுவே நேரிய முடிவு என நாம் கருதுகிறோம்.

நம் கல்லூரிகள் செய்யக்கூடியது

'மனாழிர்' நூலின் முதல் மூன்று பகுதிகளின் அரபு மூலத்தை அப்துல் ஹமீத் ஸப்ரா பதிப்பிக்க, அது 1983-இல் குவைத்தில் வெளிவந்தது. அதன் நடை எளிது, வாதம் தெளிவு. நம் அரபிக் கல்லூரிகளின் மேல் வகுப்புகளில் அதிலிருந்து பத்துப் பக்கங்களைப் பாடமாக வைப்பது இயலாத செயலன்று. மன்திக் பாடத்தில் நாம் கற்பிக்கும் வாத முறை, உலகப் பொருள்களின் மீது செயற்படுவதை மாணவர் அங்குக் காண்பர். அவர் எங்கே சரியாகக் கண்டார், எங்கே தவறினார் என்பதை அவர்களே எடுத்துக் கூறப் பழக வேண்டும்.

இன்னொன்றும் செய்யலாம். ஓதும் மாணவருள் கிதாபை முகத்தோடு ஒட்டி வைத்துப் பார்ப்பவர்களும், கரும்பலகை தெரியாமல் முன்வரிசைக்கு முண்டுபவர்களும் எல்லா மதரஸாக்களிலும் உள்ளனர். பாடம் மனத்தில் ஏறவில்லை என்று அவர்களைக் கடிந்துகொள்வதற்கு முன், ஆண்டுக்கொரு முறை கண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வது நிர்வாகிகளின் பொறுப்பாகும். லேசர் எல்லோருக்கும் வேண்டுவதில்லை. தக்க கண்ணாடி பலருக்கு வேண்டும். கஹ்ஹால்களின் நூல்களைக் காத்து வைத்திருப்பதில் பெருமை கொள்ளும் நாம், நம் எதிரே அமர்ந்திருக்கும் பிள்ளையின் கண்ணையும் பார்த்தல் வேண்டும்.